கொல்கத்தா தூக்கிக் கொண்டாடிய சென்னை வாலிபர்! ஒரே கோலில் 'ஹீரோ' ஆனது எப்படி?

ஆம்பூர்:

ஆம்பூர், ராணிப்பேட்டை மாதிரியே கொல்கத்தாவும் தோல் ஊர்தான். அங்கே போகிற நம்ம ஊர்க்காரர் யாரிடமாவது 'தமிழ்நாடு' என்று சொன்னால், 'நந்தகுமார் ஊரா?' என்று கேட்டாலும் கேட்பார்கள்.

யாருப்பா அவரு?

நந்தகுமார் சேகர், 1995-ல் சென்னையில் பிறந்த கால்பந்து வீரர். மைதானத்தின் ஓரமாகப் பந்தைக் கொண்டு ஓடும் 'விங்கர்'. சென்னை சிட்டி, டெல்லி டைனமோஸ், ஒடிசா அணிகளில் ஆடிவிட்டு, 2023-ல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார்.

அந்த ஊரில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதினால் அண்ணன், தம்பிகூட முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். அப்படிப்பட்ட மோதலில் 2019 ஜனவரிக்குப் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றியே கிடையாது. வரிசையாக 8 தோல்வி. ரசிகர்கள் தலைகாட்ட முடியவில்லை.

2023 ஆகஸ்ட் 12, டியூரண்ட் கோப்பை, சால்ட் லேக் மைதானம். 60-வது நிமிடத்தில் போட்டார் பாருங்க நந்தகுமார் ஒரு கோல்! 1-0. நாலரை வருஷக் கோபம் அத்தனையும் தீர்ந்தது. விடிய விடிய கொண்டாட்டம்தான்.

அதே மாதம் அரையிறுதியிலும், தோற்கிற நிலையில் கடைசி நேரத்தில் கோல் போட்டு அணியைக் காப்பாற்றினார்.

2024 ஜனவரி 28-ல் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே பழைய அணி ஒடிசா! 0-1 என்று பின்தங்கியபோது சமன் செய்தவரும் இவரே. (கம்பெனி மாறினால் பழைய முதலாளிக்கு இப்படியும் நேரும்!) 3-2 வெற்றி. ஈஸ்ட் பெங்காலுக்கு 12 வருஷம் கழித்துத் தேசிய அளவில் கோப்பை.

2023-லேயே இந்திய அணி சட்டையும் போட்டுவிட்டார். ஆனால் நம்ம பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவர் வந்து நின்றால் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும் என்பது சந்தேகம்தான்.