மட்டக்களப்பு விருந்தும் பாயும்

மட்டக்களப்புக்குச் சென்றவரை மந்திரத்தாற் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்பது யாழ்ப்பாணத்தாரிடையே நெடுங்காலம் வழங்கிவரும் பேச்சாகும். தொழில் நாடிக் கிழக்கே சென்ற வணிகரும் ஆசிரியரும் ஊர் மீளாது அங்கேயே மணம்புரிந்து தங்கியமை கண்டு எழுந்த பழிமொழி இது. மந்திரம் என்று கூறியோர் அப்பாயின் முன்னே படைக்கப்பட்ட சோற்றை எண்ணிப் பார்த்திலர் போலும்.

வாவியானது அந்நாட்டை இருகூறாக்குகின்றது. கடலை அடுத்து ஞாயிறு எழும் திசையிற் கிடப்பது எழுவான்கரை. ஞாயிறு படும் திசையில் வயலும் காடுமாய் விரிவது படுவான்கரை. நெற்பயிரை இம்மக்கள் 'வேளாண்மை' என்றே வழங்குவர்; வேளாண்மை வெட்டு என்றால் அறுவடை. திருவள்ளுவரோ விருந்தோம்பல் அதிகாரத்தில் இச்சொல்லை விருந்தினர்க்குச் செய்யும் உபகாரம் என்ற பொருளில் ஆண்டுள்ளார். நெல்லுக்கும் விருந்துக்கும் ஒரே பெயர் அமைந்தமை இந்நாட்டுக்கு மிகவும் பொருந்துவதே.

படுவான்கரை இல்லமொன்றில் விருந்தினர் புகுந்ததும் பன்பாய் விரிக்கப்படும். வெற்றிலை வட்டா முன்வைக்கப்படும். வட்டா என்பது காலுடைய பித்தளைத் தட்டு. அடுக்களைக்கு வேண்டியவை தொலைவிலிருந்து வரவேண்டியதில்லை. மீனும் இறாலும் நண்டும் வாவி தரும். கீரையைக் கொல்லை தரும். மரமுந்திரிகை காய்க்குங் காலமாயின் அதன் பச்சைப் பருப்புத் தேங்காய்ப்பாலிற் கறியாகும். குழம்பைக் குறிக்கும் 'ஆணம்' என்னும் பழஞ்சொல்லும் இப்பகுதியில் இன்னும் உயிரோடிருக்கின்றது. உண்பவர் போதும் என்று கை மறித்தாலும் 'மறுகா' என்று சொல்லி மேலும் இடுவர். மறுகா என்பது மறுகால், அஃதாவது மறுமுறை.

இறுதியில் வருவது எருமைத் தயிர். மட்சட்டியில் உறையவிடுதலால் சட்டி நீரை ஈர்த்துக்கொள்ள, தயிர் கட்டியாய் அமையும். சட்டியைச் சற்றே சரித்தாலும் சிந்தாது. சோற்றோடு அதனைப் பிசைந்து, வாழைப்பழமும் சர்க்கரையும் சேர்த்து உண்பர். காட்டுத்தேன் கிடைத்தாற் பின்னுஞ் சிறப்பு. தயிரின்றி முடியும் விருந்தை விருந்தென்று கொள்ள மட்டக்களப்பார் மனம் ஒப்பாது.

இனி, ஒட்டவைப்பது யாது? இங்கு வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமானபின் கணவனே மனைவியின் இல்லம் புகுவான். குடிவழியும் தாய்வழியாகவே எண்ணப்படும். இம்மரபிற்குரிய முக்குவர் சட்டம் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆகவே, வேற்றூரான் ஒருவன் இங்கு மணஞ்செய்யின் அவன் வீடு தேடி அலையவேண்டியதில்லை. வீடும், வாய்த்தால் வயலும், பரிந்து சோறிடும் மாமியும் அவனுக்காகக் காத்திருப்பர். விருந்தினனாய் அமர்ந்த பாயிலேயே மருமகனாய் அமர்ந்தவர் பலர். இதற்கு மந்திரம் எதற்கு?

ஆயினும், விருந்தைப் புகழ்வோர் காணாது விடுவது ஒன்றுண்டு. வீட்டுக்கு உரியவளே அவ்வீட்டிற் கடைசியாக உண்பவள். விருந்தினரும் ஆடவரும் சிறுவரும் எழுந்தபின், மீன் தீர்ந்த சட்டியின் ஆணத்தோடு அவள் சோறு முடிவதுண்டு. அதனை விருந்தினர் அறியாவண்ணம் அவள் மறைப்பதும் உபசாரத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது. பெண்ணுக்கு வீட்டை வழங்கிய மரபு அவளுக்கு முதற்பந்தியை வழங்கவில்லை என்பது வியப்பே.

முன்னாளில் மண்முனைத் துறையில் 'பாதை' எனப்பட்ட மிதவை நின்றுவிட்டால், கொக்கட்டிச்சோலைப் பக்கம் சென்றவர் இராத் தங்கவே நேரும். 2014 இல் அங்குப் பாலம் திறக்கப்பட்டது. இப்பொழுது பொழுது சாய்ந்த பின்னரும் நகருக்கு மீளலாம். ஆனால், உலை ஏற்றியபின் விடைகேட்பவரை அவ்வூரார் எழவிடுவதில்லை.