ஓடத் தொடங்கி நின்றுபோகும் வண்டி



விடியற்காலை 5 மணி. செம்பூரில் ஒரு சகோதரர் ஆட்டோவை எடுக்கிறார். மாட்டுங்காவில் இன்னொருவர் டாக்சியின் சாவியைத் திருப்புகிறார். என்ஜின் உயிர்பெற்றுச் சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுகிறவருக்கு, வண்டி நின்றாலும் உரிமையாளருக்குச் செலுத்தவேண்டிய தொகை நிற்பதில்லை. அந்த அவசரத்தில் அநேகர் முதலில் பிளக்கையும், பின்பு பேட்டரியையும், கடைசியில் பெட்ரோல் பம்பையும் மாற்றுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கு எடுத்துவைத்த பணம் கரைகிறது. குறையோ அப்படியே இருக்கிறது.

ஒரு காரியத்தை நாம் அறிந்துகொள்ளவேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதென்றால், அதைச் சுழற்றும் அளவுக்குப் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் வேலைசெய்கின்றன என்று அர்த்தம். தொடர்ந்து ஓடுவதற்கு எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் தேவை. அவற்றில் எது தடைபடுகிறது என்பதை, வண்டி எப்போது நிற்கிறது என்பதே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

முதலாவது, காரை ஸ்டார்ட் செய்து ஓரிரு நொடிகளில் நின்று, மீட்டரில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு மின்னினால், சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணாமலிருக்கலாம். வீட்டிலுள்ள மாற்றுச் சாவியைக் கொண்டு முயன்று பாருங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஆக்சிலேட்டரை அழுத்தும்வரை ஓடி, காலை எடுத்தவுடன் நின்றால், ஐடிலிங்கில் குறை உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டியில் சிறு ஜெட் அடைத்திருக்கலாம் அல்லது சோக் வேலைசெய்யாதிருக்கலாம். புதிய வண்டியில் த்ராட்டில் பாடியில் அழுக்குப் படிந்திருக்கலாம். காற்றுக் குழாய் விரிசல் விட்டிருக்கலாம்.

மூன்றாவது, சில நிமிடங்கள் ஓடி நின்று, சற்றுப் பொறுத்தபின் மறுபடியும் ஓடினால், எரிபொருள் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். ஃபில்டர், பம்ப், டாங்க் மூடியின் காற்றுத் துவாரம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடேறிய பின்பு மட்டும் நின்றால், இக்னிஷன் காயிலோ சென்சாரோ காரணமாயிருக்கலாம்.

நம் நகரத்தில் டாக்சியும் ஆட்டோவும் பெரும்பாலும் சி.என்.ஜி.யில் ஓடுகின்றன. பெட்ரோலும் வாயுவும் ஆகிய இரண்டிலும் ஓடும் வண்டியானால், பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நன்றாக ஓடி, வாயுவுக்கு மாறும்போது நின்றால், குறை வாயுவின் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தகுதிபெற்ற மெக்கானிக் மட்டுமே தொடவேண்டும். நிரப்பிய சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் உண்டு. வாயு வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யாதிருங்கள். சிக்கனம் என்று எண்ணி டாங்கில் பெட்ரோலைக் காலியாக விடாதிருங்கள். டாங்கினுள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுதியானால் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். ஆகையால் மழைக்காலத்தில் டாங்க் மூடி சரியாய் மூடியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

தாராவியின் குறுகிய சந்துகளில் சோதித்துப் பார்க்கும்போது, என்ஜினை வீட்டு வாசலருகே ஓடவிடக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை. அது உயிரைப் பறிக்கும்.

இனி மும்பையில் யாவரும் மறக்கக்கூடாத ஒன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்தது. வெள்ளத்தில் நின்றுபோன கார்களுக்குள் அகப்பட்டு மரித்தவர்களும் உண்டு. கிங்ஸ் சர்க்கிளில் இன்றும் பெருமழையில் நீர் தேங்குகிறது. நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடியும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றைப்போல் நீர் சுருங்காது. சிலிண்டருக்குள் புகுந்த நீரின்மேல் பிஸ்டன் மோதினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சாதாரண இன்ஷூரன்ஸ் இந்தச் சேதத்திற்குப் பெரும்பாலும் பணம் தராது. தனிச் சேர்க்கை வேண்டும். நீர் உயருகிறதென்று கண்டால், கதவு திறக்கும்போதே இறங்கி மேட்டுக்குச் செல்லுங்கள்.

பிரீமியர் பத்மினி டாக்சிகளின் காலம் 2023 அக்டோபரில் முடிவடைந்தது. அந்நாட்களில் ஓட்டுநரே கார்புரேட்டரைக் கழற்றித் துடைப்பார். இன்றைய என்ஜினைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. ஆகையால் ஸ்கேனர் வைத்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதிருங்கள். குறை இன்னதென்று ஸ்கேனர் நேராய்ச் சொல்லாது; எங்கே தேடவேண்டும் என்று வழிகாட்டும்.

வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நொடி ஓடியது, குளிர்ந்திருந்ததா, சூடாயிருந்ததா, பெட்ரோலிலா, வாயுவிலா, எந்த விளக்கு எரிந்தது என்று எழுதுங்கள். அந்த நான்கு வரிகளை மெக்கானிக்கிடம் காட்டி, மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பொறுமையாய்க் கவனித்த ஐந்து நிமிடம், ஒரு குடும்பத்தின் பல நாள் கூலியைக் காப்பாற்றும்.