சாய்தளத்தில் உலரும் துளி

விடுதியில் எம் எழுதுபலகை சற்றே சாய்ந்தது. ஒருநாள் அதன்மேற் சிந்திய காப்பித்துளி வழிந்தோடாது நின்றவிடத்திலேயே உலர்ந்தது. எஞ்சிய வளையக்கறையோ கீழ்ப்புறத்தில் தடித்திருந்தது. இதற்குக் காரணம் யாது?

துளியின் விளிம்பு தளத்தோடு கூடுமிடத்துத் தோன்றுவது தொடுகோணம். தாமஸ் யங் என்னும் ஆங்கில அறிஞர் 1805-ஆம் ஆண்டில் இதன் இயல்பை விளக்கினார். தளம் சாயின், துளியின் கீழ்ப்புறம் பருத்துக் கோணம் மிகும். மேற்புறம் மெலிந்து கோணம் குறையும். கோணம் சிறுத்த மேல்விளிம்பின் மேலிழுப்பு, கோணம் பெருத்த கீழ்விளிம்பின் கீழிழுப்பினும் மிகும். அம்மிகுதியே துளியின் எடையைத் தாங்குவது. பெருந்துளியின் எடையைத் தாங்க அது போதாமையின், பெருந்துளி வழிந்தோடுகின்றது.

இனி உலருதலைக் காண்போம். தளத்தில் படிந்த துளி நடுவினும் விளிம்பில் விரைந்து ஆவியாகும். அவ்விழப்பை ஈடுசெய்ய உள்ளிருந்து நீர் விளிம்பிற்குப் பாய்ந்து, துகள்களையும் உடன்கொண்டு செல்லும். வளையக்கறை இவ்வாறே அமைதலை டீகன் முதலிய அறிஞர் 1997-இல் விளக்கினர். சாய்தளத்தில் நீர் குறையக் குறைய, மெலிந்த மேல்விளிம்பே பெரும்பாலும் முதலிற் பிடி தளர்ந்து கீழிறங்கும். ஆதலின் கறை இருபுறமும் ஒத்திராது.

இஃது வீண் ஆராய்ச்சியன்று. பயிரின் இலைகள் பெரும்பாலும் சாய்ந்தவையே. தெளிக்கும் மருந்துத்துளி மிகப் பெரிதாயின் வழிந்து மண்ணிற் சேரும். உழவர் பொருளும் வீணாம், நிலமும் கெடும். மிகச் சிறிதாயின் காற்றில் அலைந்து அயல்வயல் சேரும். ஆதலின் துளியின் அளவறிந்து தெளித்தலே அறிவுடைமை. எம் பலகைக் கறையைத் துடைக்குமுன் யாம் கற்ற பாடம் இதுவே.