வட்டிடம் குறைந்த வழங்கியில் தரவுத்தளப் புதுப்பிப்பு

பழஞ்சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் புதிய ஏட்டை மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே மூலத்தைக் கைவிடுதல் முறை. படியெடாமலே ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளோடு நூல்களும் மறைந்தன. இவ்வுண்மை கணினிக்கும் பொருந்துமாற்றை ஈண்டு விளக்குவாம்.

சென்னையின் தென்பகுதி தமிழாய்வுக்கு உரிய இடமாக விளங்குகின்றது. பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையமும், தரமணியில் ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் உள்ளன. தாம்பரம் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை தன் சொல்லடைவை ஒரு சிறு வழங்கியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதன் வட்டு 100 ஜிகாபைட், தரவு 60. தரவுத்தள மென்பொருள் 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயரால் வழங்குவது. அதன் ஒவ்வொரு பெரும்பதிப்பும் 5 ஆண்டுகளே பேணப்படும். பின்னர்ப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. ஆதலின் புதுப்பித்தல் தவிர்க்கவியலாதது.

தமிழுக்கு இடமும் மிகுதியாக வேண்டும். யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல் ஐந்து குறிகளால் ஆகி 15 பைட்டுகள் பெறும்.

புதுப்பிக்கும் கருவியான பி.ஜி. அப்கிரேடு, இயல்பாகக் கோப்புகளைப் படியெடுக்கும். அதற்கு மேலும் 60 ஜிகாபைட் வேண்டும், எஞ்சியிருப்பதோ 40. இந்நிலையில் உதவுவது இணைப்பு முறை. இதில் கோப்பு படியெடுக்கப்படுவதில்லை. ஒரே கோப்புக்கு இரண்டாவதாக ஒரு பெயர் இடப்படுகின்றது. பழைய அடைவும் புதிய அடைவும் ஒரே கோப்பமைப்பில் இருத்தல் வேண்டும். வேலை சில நிமிடங்களில் முடியும். ஆயின், புதிய பதிப்பு ஒருமுறை இயங்கத் தொடங்கியபின் பழையதற்கு மீள இயலாது. மூலமும் படியும் ஒன்றே ஆகிவிட்டன அல்லவா? கோப்பமைப்பு இடந்தருமாயின், 2019இல் வந்த 12ஆம் பதிப்பு முதலுள்ள நகலி முறையைக் கொள்ளலாம். அது தொடக்கத்தில் இடங்கொள்ளாது, பழையதையும் கெடுக்காது.

எனவே இணைப்பு முறையைக் கொள்வோர் மூன்று செயல்களை முதற்கண் முடித்தல் வேண்டும். தரவு முழுவதையும் சுருக்கிய வடிவில் வேறொரு கணினிக்கு நேரே அனுப்புதல் ஒன்று. அப்படியை அங்கேயே மீட்டமைத்துப் பார்த்தல் இரண்டு. கருவியின் சோதனை ஓட்டத்தை நிகழ்த்திப் பொருந்தாமைகளைக் களைதல் மூன்று. மீட்டுப் பாராத படி, ஒப்புநோக்காத ஏடு போன்றது.

இனி, தமிழறிஞர் சிறப்பாகக் கருதத்தக்கது அகரவரிசை. யூனிக்கோடு குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. ஆதலின் 'மனம்' முன்னும் 'மயில்' பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கிலோ னகரம் மெய்களின் இறுதி, 'மயில்' முந்தும். எவ்வரிசையைக் கொள்வது என்பது தரவுத்தளத்தின் வரிசையமைப்பைப் பொறுத்தது. பெரும்பாலும் அவ்வரிசை இயங்குதளத்தின் நூலகத்திலிருந்து பெறப்படும். 2018இல் ஜி.லிப்.சி. 2.28 இவ்வரிசையைப் பெரிதும் மாற்றியது. இயங்குதளத்தையும் உடன் மாற்றுவோர் சுட்டுகளை மீளக் கட்டாவிடின், அடைவில் உள்ள சொல்லும் தேடுங்கால் இல்லையெனத் தோன்றும். பிழைச்செய்தி வாராமையால், ஆய்வாளர் அச்சொல் இலக்கியத்தில் ஆளப்படவில்லை என்றே முடிவு செய்யக்கூடும். முடிவு தவறாயினும் அதன் காரணம் புலப்படாது.

படியை வைக்கும் இடமும் எண்ணத்தக்கது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பெய்தது; முடிச்சூர்ப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. வழங்கியும் படியும் ஒரே தரைத்தள அறையில் இருப்பின் இரண்டும் ஒருங்கே அழியும். அன்று ஏட்டை ஆற்றில் விட்டனர். இன்று ஆறே அறைக்குள் வரக்கூடும். ஆகவே, வட்டில் இடத்தைச் சுருக்கலாம். மூலத்தின் படியைச் சுருக்கமாகவேனும் வேற்றிடத்தில் வையாது தொடங்குதல் ஆகாது என்பதே இதனால் பெறப்படும் முடிபு.