இருகுழு ஒப்பீடும் இருவகைப் பிழையும்

இரு குழுக்களிடையே காணும் வேறுபாடு மருந்தின் பயனோ, தற்செயலோ என ஆராய்தல் ஆய்வாளர் கடன். மருந்தால் வேறுபாடு இல்லை என முதற்கண் கொள்வது இன்மைக் கருதுகோள் எனப்படும். அஃது உண்மையாயின், கண்ட அளவினும் குறையாத வேறுபாடு தோன்றும் நிகழ்தகவு யாது எனக் கணிப்பர்; அது மிகச் சிறிதாயின் கருதுகோளைத் தள்ளுவர்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. நுரையீரற் காசநோயாளர் 107 பேர் தற்செயல் எண்களைக் கொண்டு இரு குழுவாகப் பிரிக்கப்பெற்றனர். 55 பேர் ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும் பெற்றனர்; 52 பேர் ஓய்வு மட்டுமே பெற்றனர். ஆறு திங்களில் முன்னவருள் 4 பேரும் பின்னவருள் 14 பேரும் இறந்தனர். தற்செயலால் இத்துணை வேறுபாடு தோன்றும் நிகழ்தகவு நூற்றில் ஒன்றினும் குறைவு. ஆதலின் இன்மைக் கருதுகோள் தள்ளத்தக்கதாயிற்று.

நெய்மனும் எகோன் பியர்சனும் பிழையை இருவகையாகப் பகுத்தனர். இல்லாத வேறுபாட்டை உண்டென்பது முதல்வகை. உள்ள வேறுபாட்டைக் காணாது விடுவது இரண்டாம் வகை. முதல்வகைக்கு அஞ்சித் தள்ளும் எல்லையைக் கடுமையாக்கின், குழுவின் அளவு பெருகாவிடத்து இரண்டாவது மிகும்.

மேற்கூறிய நோயாளருள் 5 ஆண்டு முடிவில் இறந்தோர் முறையே 32, 35 பேர். இவ்வேறுபாடு தற்செயலாலும் எளிதில் தோன்றக்கூடியது. எனவே மருந்து பயனற்றது எனலாமோ? ஆகாது. இத்துணைச் சிறு குழுக்களில், நூற்றுக்குப் பத்துப் பேரைக் காக்கும் பயனும் புலப்படாது மறைதல் கூடும். வேறுபாடு நிறுவப்படவில்லை என்பது வேறு. வேறுபாடு இல்லையென நிறுவப்பட்டது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வார், உயிர்காக்கும் மருந்தையும் கைவிட நேரும் என்க.