முதியோர் விழுதலைத் தடுக்கும் சமூக முயற்சிகள்

முதியோர் கால் இடறியோ நிலை தடுமாறியோ கீழே விழுவதைக் குறைப்பதற்காக ஊர் மக்கள், உள்ளாட்சி அமைப்புகள், சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோர் இணைந்து செய்யும் பணிகளே இம்முயற்சிகளாகும். குழுவாக உடற்பயிற்சி செய்தல், வீட்டில் உள்ள இடர்களை நீக்குதல், மருந்துகளையும் கண் பார்வையையும் சரிபார்த்தல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர். இந்த இறப்புகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நேர்கின்றன. இறப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

காரணங்கள்

முதுமையில் விழுவது இயல்பு என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் பெரும்பாலான காரணங்கள் சரிசெய்யக் கூடியவை. கால் தசைகளின் தளர்ச்சி, சமநிலைக் குறைவு, கண்புரை, தூக்க மருந்துகள், எழுந்தவுடன் இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றுதல், ஈரமான குளியலறை, போதிய வெளிச்சமின்மை ஆகியவை அவற்றுள் சில.

விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும் ஒரு காரணமாகும். ஒருமுறை விழுந்தவர் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார். "சும்மா உட்காருங்கள்" என்று வீட்டாரும் அன்புடன் தடுக்கின்றனர். இதனால் கால்கள் மேலும் வலுவிழந்து, மீண்டும் விழும் வாய்ப்பு கூடுகிறது. இந்தச் சுழலை உடைப்பதற்குக் கூடிப் பயிலும் குழுக்கள் பெரிதும் உதவுகின்றன.

கோச்சி நகரின் பயிற்சி

சப்பானின் சிகோகு தீவில் உள்ள கோச்சி நகரம் (கேரளத்தின் கொச்சி அன்று) 2002ஆம் ஆண்டு 'இக்கியிக்கி ஹியகுசாய் தைசோ' என்னும் பயிற்சியைத் தொடங்கியது. 'துடிப்பான நூறு வயதுப் பயிற்சி' என்று இதைத் தமிழில் கூறலாம். அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம் வெளியிட்ட பயிற்சிக் கையேட்டை அடிப்படையாகக் கொண்டு இது உருவாக்கப்பட்டது.

அக்கம்பக்கத்து முதியோர் பொதுக்கூடங்களில் கூடி, நாற்காலிகளில் அமர்ந்து, காணொளியைப் பார்த்து இதைச் செய்கின்றனர். 2.2 கிலோகிராம் வரை பத்து நிலைகளில் மாற்றக்கூடிய எடைப்பட்டையைக் கைகளிலும் கால்களிலும் கட்டிக்கொள்வர். கைகளை உயர்த்துதல், நாற்காலியிலிருந்து எழுதல், முழங்காலை நீட்டுதல், காலைப் பின்னும் பக்கமும் உயர்த்துதல் போன்றவை இதில் அடங்கும். அனைவரும் உரக்க எண்ணியபடி மெதுவாக அசைவதால் மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் தவிர்க்கப்படுகிறது.

கூட்டங்களை முதியோரே நடத்துகின்றனர் என்பது இதன் சிறப்பு. ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் விசாரிப்பர். இப்பயிற்சி பின்னர் சப்பானின் பல நகரங்களுக்கும் பரவியது.

பிற நாடுகளில்

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான ஒடாகோ திட்டத்தில், முதியோர் தம் வீட்டிலேயே கால் வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்து, நடைப்பயிற்சியும் மேற்கொள்கின்றனர். நான்கு ஆய்வுகளை ஒருங்கே பார்த்தபோது விழுதல்கள் 35 விழுக்காடு குறைந்திருந்தன.

ஆசுத்திரேலியாவின் சிட்னியில் உருவான 'ஸ்டெப்பிங் ஆன்' திட்டம் வாரம் இரண்டு மணிநேரமாக ஏழு வாரங்கள் நடைபெறும். உடற்பயிற்சியுடன் காலணி, பார்வை, மருந்து, சாலையைக் கடத்தல் ஆகியவையும் கலந்துரையாடப்படும். 2004இல் வெளியான ஆய்வில் பங்கேற்றோரிடையே விழுதல்கள் 31 விழுக்காடு குறைவாக இருந்தன.

ஆய்வு முடிவுகள்

காக்ரேன் அமைப்பு 2019இல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உடற்பயிற்சி விழுதல்களை 23 விழுக்காடு குறைப்பது அதில் தெரியவந்தது. சமநிலைப் பயிற்சியுடன் தசை வலுப் பயிற்சியும் சேரும்போது பயன் கூடியது. நடைப்பயிற்சி மட்டும் போதும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

குழு தொடங்குவோர் கவனத்திற்கு

சக்கரமில்லாத உறுதியான நாற்காலிகள், வழுக்காத தரை, போதிய வெளிச்சம் ஆகியவை இருந்தால் எளிய பயிற்சிகளைத் தொடங்கலாம். அண்மையில் விழுந்தவர்கள், இதய நோயாளிகள், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. குளியலறையில் கைப்பிடி, இரவு விளக்கு, நழுவாத மிதியடி ஆகியவற்றை வீட்டில் அமைப்பது நல்லது. பயிற்சியை நிறுத்தினால் பெற்ற வலுவும் குறைந்துவிடும் என்பதால், குழு தொடர்ந்து கூடுவது இன்றியமையாதது.