யார் பேசறது?

மணி அடித்ததும் ரிசீவரை எடுத்து, "ஹலோ, யார் பேசறது?" என்று கேட்ட காலத்தில், அழைத்தவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டே ஆக வேண்டும். பெயர், ஊர், யாருடைய மைத்துனர் என்பதுவரை. செல்போன் அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டது. "சொல்லுங்க" என்பதே இப்போது வணக்கம்.

அறிமுகப் பொறுப்பு மற்றவர்களிடம் போய்விட்டது. 2009இல் ஸ்வீடனில் தொடங்கிய ட்ரூகாலருக்கு இந்தியாதான் மிகப் பெரிய சந்தை. அதில் தெரியும் பெயர் மற்றவர்கள் வைத்ததாகவும் இருக்கலாம். பிளம்பருக்குப் பெயரே 'பிளம்பர்' ஆகிவிடும்.

அடுத்து அரசின் முறை. சிம் வாங்கும் விண்ணப்பத்தில் உள்ள பெயரையே எதிர்முனையில் காட்டலாம் என்று 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. மோசடி அழைப்புகளால் நொந்தவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் ஆட்டோ டிரைவருக்கு வழி சொல்ல ஒருமுறை அழைக்கும் பெண்ணின் பெயரும் அவரிடம் போய்ச் சேரும். (எண்ணையே மறைக்கும் சலுகை பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு, சாமானியர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.)

இன்னொரு சிக்கலும் உண்டு. சிம் ஒருவர் பெயரில், பேசுவது வேறொருவர் என்பது இந்தியக் குடும்பங்களில் சகஜம். மனைவி அழைத்தால் கணவர் பெயர் மின்னும். "அவர் இல்லீங்க, நான் பேசறேன்" என்றுதான் அவர் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.